எழுபது வளைவுக்கு முந்தி ஒரு டீ

வாங்க கண்ணு, வாங்க. மலைக்குத்தானே? போங்க, தாராளமாப் போங்க. ஞாயித்துக்கெழமை ஆச்சுன்னா இந்தக் காரவல்லி அடிவாரத்துல நாலு கூட்டம் வந்து நிக்குது, டீ குடிக்குது, போட்டோ எடுக்குது, பொறவு கொல்லிமலை ஏறுது. டீக்கடைக்காரனுக்கும் பொழப்பு நடக்குது, புத்தூர்க்கட்டுப் போடுறவருக்கும் பொழப்பு நடக்குது. ரெண்டு பேருமே எனக்கு ஒறம்பரை. உங்களைத் தடுத்து அவிய வாயில மண்ணைப் போட எனக்கு மனசு வராது.

உடுப்பெல்லாம் பாத்தேன். முட்டிக்கு ஒரு கவசம், முழங்கைக்கு ஒரு கவசம், முதுகுக்கு ஒண்ணு, ஹெல்மெட்டு உச்சியில கேமரா. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியே இத்தனை கவசம் போட்டிருப்பானாங்கறது சந்தேகந்தான். போட்டுக்கங்க, தோலு கடையில விக்கிற சாமான் இல்லை. ஆனா இத்தனை ஆயிரம் செலவு பண்ணின தம்பியோட பின் டயரைச் சித்தெ முந்தி பெருவெரலால அமுக்கிப் பாத்தேன். பொதுக்குன்னு உள்ள போச்சு. காத்து பெட்ரோல் பங்குல ஓசி. ஓசியில கெடைக்கறதைப் புடிச்சா கௌரவக் கொறைச்சல்னு விட்டுட்டீங்களாக்கும்.

எவ்வளவு புடிக்கோணும்னு என்னைக் கேக்காதீங்க. வண்டி செஞ்சவன் சங்கிலி மூடிக்குப் பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கான். வண்டி பூரா நீங்க ஒட்டின ஸ்டிக்கரு அத்தனையும் படிச்சேன், அவன் ஒட்டின அந்த ஒண்ணைத்தான் யாரும் படிச்ச அடையாளம் இல்லை. 150 சிசி வண்டிக்குப் பொதுவா முன்னாடி 25லருந்து 28, பின்னாடி 29லருந்து 33ன்னு இருக்கும். பின்னாடி ஆளு ஏறினா இன்னுஞ் சித்தெ கூட. டயரு குளுந்திருக்கறப்ப புடிக்கோணும். சேலத்துலருந்து வெரட்டிட்டு வந்து சூட்டோட அளந்தா, உள்ள இருக்கற காத்து வீங்கிப் பொய்க் கணக்குச் சொல்லும்.

அப்படியே டயரோட ஓரத்துல நாலு நம்பர் கட்டங்கட்டிப் போட்டிருக்கும், குனிஞ்சு பாருங்க. 2319ன்னு இருந்தா 2019ஆம் வருசம் 23ஆவது வாரம் பொறந்த டயருன்னு அர்த்தம். பள்ளம் தேயாம இருந்தாலும் வயசான ரப்பர் கெட்டியாயிரும், ரோட்டைப் புடிக்காது. வயசானாப் புடிமானம் போயிருங்கறது எனக்குத் தெரியாததா? ஆனா நான் மணிக்கு நூறு கிலோமீட்டர்ல வளைவுல திரும்பறதில்லை பாருங்க.

சங்கிலிக்கு வர்றேன். உங்க கூட்டத்துல ஒரே ஒரு வண்டிச் சங்கிலியிலதான் எண்ணெய்ப் பசை தெரிஞ்சுது. யாருதுன்னு விசாரிச்சேன். அந்தா, தள்ளி உக்காந்து வடை திங்குதே அம்மிணி, அதோடது. அது பேசவேயில்லை, கேமராவும் மாட்டலை. மத்த சங்கிலியெல்லாம் செவசெவன்னு துருப் புடிச்சுக் கெடக்குது. இங்க கேளுங்க, சங்கிலிங்கறது அரைஞாண் கயிறு. இறுக்கிக் கட்டினா இடுப்பை அறுக்கும், தளத்தி விட்டாச் சபையில மானத்தை வாங்கும். கீழ்ப்பக்கம் நடுவுல புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டினா ஒரு அங்குலம் அசையோணும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் கூடக்கொறைய இருக்கும், வண்டியோட குடுத்த புஸ்தகத்துல போட்டிருப்பான். அந்தப் புஸ்தகம் சீட்டுக்கு அடியில பிளாஸ்டிக் உறை பிரிக்காமப் பத்திரமா இருக்கும், எனக்குத் தெரியும். மண்ணெண்ணெயில தொடைச்சு, 90 நம்பர் கியர் ஆயிலைத் தடவி ராத்திரி விட்டுட்டீங்கன்னாக் காலையில சத்தமில்லாம ஓடும். எஞ்சின்ல வடிச்ச பழைய ஆயிலை ஊத்தற புத்திசாலியும் இருக்கறான். எண்ணெய் ஓசி, கூடவே இரும்புத் தூளும் ஓசி.

லடாக் கொடி கட்டியிருக்கற தம்பி யாரு? நல்லாருக்கு. அஞ்சு நெறத்துல படபடக்குது, முனியப்பன் கோயில் நோம்பிக்குத் தோரணம் கட்டின கணக்கா வண்டி அம்சமா இருக்குது. போயிட்டு வந்தீங்களா? இல்லையா? சரி சரி, கொடி மட்டும் போயிட்டு வந்திருக்குமாட்ட இருக்குது. பின்னாடிப் பெட்டியில கர்துங் லா, 18,380 அடின்னு ஸ்டிக்கர் வேற. எம் பேரன் சொல்றான், அளந்து பாத்தா அது 17,582 அடிதானாம். எழுநூத்துச் சொச்சம் அடி கொறையுது! ஒரு சென்ட் நெலம் வாங்கறதுக்கே சர்வேயரைக் கூட்டிட்டுப் போறவுங்க, இமயமலையை மட்டும் வாய்க் கணக்குல வாங்கிட்டு வந்திருக்கீங்க. போகட்டும். நம்ம மலைக்குக் கொடியும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுதான் இருக்குது. ஒவ்வொண்ணுலயும் நம்பர் எழுதி வெச்சிருக்கான். நீங்க எந்த நம்பர்ல விழுந்தீங்கன்னு ஆம்புலன்ஸ்காரங்கிட்டச் சொல்றதுக்குச் சௌகரியம்.

இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு ஒரு தம்பி கண்ணாலயே கேக்கறாரு. கேக்கட்டும். எங்க காலத்துல வண்டி வாங்கறது பெரிசில்லை, ஓட்டப் பழகறதுதான் பெரிசு. எஸ்டின்னு ஒரு வண்டி, மைசூர்ல செஞ்சது. அதுல உதைக்கற கம்பியும் கியர்க் கம்பியும் ஒண்ணே. உதைச்சுக் கெளப்பிட்டு அதையே முன்னால மடக்கி விட்டாக் கியரு. புல்லட்டு நம்ம திருவொற்றியூர்ல செஞ்சது. பழைய புல்லட்டுக்குக் கியரு வலது காலு, பிரேக்கு இடது காலு. ஒறம்பரையில எவனாவது "ஒரு ரவுண்டு குடுங்க மாமா"ன்னு வந்தா நான் மறுத்ததே இல்லை. சிரிச்ச மொகமாச் சாவியக் குடுத்துருவேன். பிரேக்குன்னு நெனச்சுக் கியரை மிதிப்பான். இட்டேரி வேலிக்குள்ள போய் நின்னுட்டு, முள்ளைப் புடுங்கிக்கிட்டே நடந்து வந்து சாவியத் திருப்பிக் குடுப்பான். மறுக்கா கேக்கவே மாட்டான். கைமாத்துக் கேக்கறவனுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்.

முன் பிரேக்கைப் பத்திப் பெரியவங்க சொன்ன புத்திமதி உங்களுக்கும் வந்து சேந்திருக்கும். "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சுரும்." கட்டாயம் கடைப்புடிங்க. தொடவே தொடாதீங்க. முன் டிஸ்க்கு புதுக்கருக்கு மாறாம இருக்கும், வண்டியை விக்கறப்ப நல்ல வெலை போகும். விக்கறது நீங்களா, உங்க வாரிசான்னுதான் தெரியாது. பிரேக்கைப் புடிச்சதும் வண்டிப் பாரமெல்லாம் முன் சக்கரத்து மேல சாயுது. பின் சக்கரம் லேசாயிருது. லேசான சக்கரத்தை மட்டும் நெரிச்சுப் புடிச்சா அது நிக்காது, வழுக்கிக்கிட்டுப் போகும். நிறுத்தற வேலையில பாதிக்கு மேல, முக்கால்வாசி வரைக்கும், முன் பிரேக்குதான் செய்யுது. வெடுக்குன்னு இல்லை, பசு மடியில கை வெக்கற பதமா, வரவரக் கூட்டிப் புடிக்கோணும். ரெண்டையும் சேத்துப் புடிக்கோணும். மண்ணு கெடந்தாலும், ஹேண்டிலு திரும்பியிருந்தாலும் முன்னதை நெரிக்கக் கூடாது. 2019க்குப் பொறவு வந்த 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம்கறாங்க. சக்கரம் பூட்டிக்காமப் பாத்துக்குமாம். நல்ல வேலைக்காரந்தான். ஆனா மணல்ல கெடக்கற வண்டியில ஏபிஎஸ் எழுத்து பளபளன்னு மின்னறதையும் நான் பாத்திருக்கறேன்.

ஹெல்மெட்டு பத்தி நான் பேசப் போறதில்லை. அதைப் போலீசுக்காரங்க ஆயிரம் ரூவாய்க்குப் பேசிக்குவாங்க. நாடிக்கு அடியில வாரு மட்டும் மாட்டுங்க. மாட்டாத ஹெல்மெட்டு நமக்கு முன்னாலயே கழண்டு போய், நம்ம மண்டைக்கு எடம் புடிச்சு வெக்கும்.

நம்ம ஊரு ரோட்டுல மூணு சேவை ஓசி. உலகத்துல வேற எங்கயும் இந்த அக்கறை கெடைக்குமான்னு தெரியலை. மொதல் சேவை, "ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" சைடு ஸ்டாண்டை எடுக்காம நீங்க கெளம்பினாப் போதும். பஸ்ஸுக்குள்ள இருந்து ஒரு பாட்டி கத்தும், எதுத்தாப்புல வர்றவன் காலை நீட்டிக் காட்டுவான், பின்னாடி ஒருத்தன் தன் சோலியை விட்டுட்டு ரெண்டு கிலோமீட்டர் தொரத்திட்டு வந்து சொல்லுவான். ஸ்டாண்டு போட்டிருந்தா எஞ்சினே எடுக்காத வண்டியெல்லாம் இப்ப வந்துருச்சு. பாவம், தொரத்தறவனுக்கு வேலை கொறைஞ்சு போச்சு. அவன் சொன்னா நன்றி சொல்லிட்டுப் போங்க. "தெரியும்"னு மட்டும் சொல்லாதீங்க. தெரிஞ்சே எடுக்கலையான்னு கேட்டா உங்ககிட்டப் பதில் இருக்காது.

ரெண்டாவது, சேலை. பின்னாடி ஒருச்சாஞ்சு உக்காந்திருக்கற அம்மா முந்தானையோ, சின்னப் புள்ளைக துப்பட்டாவோ சக்கரத்துப் பக்கம் தொங்கினா ரோடே கூப்பாடு போடும். பின் சக்கரத்துல பாதியாச்சும் மறைக்கோணும், ஏறினவுங்க புடிச்சுக்கக் கைப்புடியும் மிதிக்கக் கால்கட்டையும் இருக்கோணும்னு மோட்டார் வாகன விதியிலயே எழுதி வெச்சிருக்கான். கம்பெனிக்காரன் மாட்டிக் குடுத்த சாரி கார்டை "லுக்கு போச்சு"ன்னு மொத வேலையாக் கழட்டி அட்டத்துல போட்டுர்றீங்க. கல்யாணமானதும் அதைத் தேடி அட்டத்துல ஏறுவீங்க. ஏணியைப் புடிக்க மாமனாரு வருவாரு.

மூணாவது, லைட்டு. பகல்ல லைட்டு எரிஞ்சா எதுத்தாப்புல வர்றவங்க கையைக் குவிச்சு விரிச்சுக் காட்டறாங்களே, அது. 2017 ஏப்ரலுக்குப் பொறவு வந்த வண்டியில அந்த லைட்டை அணைக்கவே முடியாது, எஞ்சின் ஓடினா எரியும், அதுதான் சட்டம்னு எம் பேரன் தலைபாடா அடிச்சுக்கிட்டான். நான் இன்னும் கையைக் காட்டிட்டுத்தான் இருக்கறேன். தெரியாம இல்லை. நான் காட்டினா நீங்க வேகத்தைக் கொறைச்சுக் குனிஞ்சு லைட்டைப் பாப்பீங்க. அதுக்குள்ள எங்க பட்டி ஆடு ரோட்டைத் தாண்டிரும்.

ஆடுன்னதும் ஞாபகம் வருது. ஒரு ஆடு தாண்டிருச்சேன்னு ஆக்ஸிலேட்டரை முறுக்காதீங்க. பின்னாடி இருக்கறது அத்தனையும் அது பின்னாலதான் வரும். தாய் அக்கட்டயும் குட்டி இக்கட்டயும் நின்னா, குட்டி உங்க சக்கரம் நெருங்கற நேரம் பாத்துத்தான் பாயும். ரெண்டு பக்கமும் பாத்துத் தாண்டோணும்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. சொல்லிக் குடுத்து லைசன்ஸும் வாங்கினவுங்களே பாக்கறதில்லை. நாய் தொரத்தினாக் காலைத் தூக்கி உதைக்கப் போகாதீங்க. அதுக்கு நாலு காலு தரையில இருக்குது, உங்களுக்கு ஒண்ணுமில்லை. கிட்ட வர்றப்ப வேகத்தைக் கொறைங்க, அது உங்களைப் புடிக்கற கணக்குப் போட்டு முன்னால ஓடும். அப்பறம் கெளப்பிட்டுப் போயிருங்க, கணக்குத் தப்பி நின்னுரும்.

வர்ற வழியில ரோட்டு மேல கொள்ளு, ராகித் தட்டு பரப்பியிருந்துச்சா? எங்காளுக போட்டதுதான். வண்டி ஏறி ஏறிக் கதிரு தானா உதுந்துரும். கார்க்காரன் ஏறினா எங்களுக்குக் கூலி மிச்சம். நீங்க ஏறினா வழுக்கும், தட்டு சங்கிலியில சுத்திக்கும். அதனால மோட்டார்சைக்கிளுக்கு மட்டும் எங்ககிட்ட வேலை இல்லை, ஒதுங்கிப் போங்க. அதுல பிரேக்கு மட்டும் புடிச்சுராதீங்க. பொழுது சாஞ்சா இன்னொரு ஆபத்து, குச்சிக்கிழங்கு ஏத்தின டிராக்டரு. பின்னாடி லைட்டு இருக்காது, டிரெய்லரு ரோட்டுல முக்கால்வாசி அடைச்சுக்கிட்டுப் போகும். டிராக்டர்காரங்கிட்டச் சொன்னா "எனக்கு முன்னாடி நல்லாத் தெரியுதுங்களே"ம்பான். அவன் சொல்றதும் நெசந்தான்.

சரி, டீ ஆறுது, குடிங்க. வளைவுக்கு வருவோம்.

எழுபதும் ஒரே மாதிரி இருக்காது. ஒண்ணை ஜம்முன்னு திரும்பினதுமே "புடிபட்டுருச்சு"ன்னு தோணும். அடுத்தது அதை விட முடுக்கா இருக்கும். வளைவுக்கு முந்தியே வேகத்தைக் கொறைச்சு, கியரை எறக்கி, ஹாரன் அடிச்சு, இடது ஓரமாவே போங்க. மேல இருந்து பஸ்ஸு வந்தா அதுக்கு ரோடு பூராவும் வேணும், வயித்தை உள்ள இழுத்துக்க அதுக்குத் தெரியாது. பஸ்ஸு மூஞ்சி தெரிஞ்சதும் வளைவுக்குக் கீழயே நின்னு வழி விடுங்க. "ஏர்ற வண்டிக்குத்தான் எறங்கற வண்டி வழி விடோணும், சட்டம் அப்படி"ன்னு படிச்ச தம்பி யாராச்சும் சொல்லுவீங்க. நெசந்தான், ரோடு அகலம் பத்தாத எடத்துல ஏர்றவனுக்குத்தான் முன்னுரிமை. அந்தச் சட்டத்தைக் கையில புடிச்சுக்கிட்டு அரசாங்கப் பஸ்ஸு முன்னால நிக்கற தைரியம் இருந்தா நில்லுங்க, நானும் பாக்கறேன்.

இன்னொண்ணு. கண்ணு எங்க போகுதோ வண்டி அங்க போகும். பள்ளத்தை உத்துப் பாத்தாப் பள்ளத்துக்குப் போகும், கைப்புடிச் சுவரைப் பாத்தாச் சுவருக்குப் போகும். வளைவு முடியற எடத்தைப் பாருங்க, தலையைத் திருப்பி அங்கயே பாருங்க, கை தானா வேலை செய்யும். பின்னாடி உக்காந்திருக்கறவுங்க நிமுந்து உக்காந்து எதுப்பக்கம் சாஞ்சு உதவி பண்ண வேண்டாம். ஓட்டறவரோட தோளுக்கு மேல வளைவுப் பக்கமாப் பாத்தாப் போதும். கூட்டமாப் போறப்ப எல்லாத்துலயும் மெதுவா ஓட்டறவரை ரெண்டாவதா விடுங்க. கடைசியில விட்டா அவரு உங்களை எட்டிப் புடிக்கறதுக்காகவே தன் யோக்யதைக்கு மீறி ஓட்டுவாரு. முன்னால யாரு போறதுன்னு சண்டை வந்தா, சங்கிலிக்கு எண்ணெய் போட்ட அம்மிணியைப் போகச் சொல்லுங்க. மீசையெல்லாம் பின்னால போகட்டும்.

வளைவுல நின்னு போட்டோ எடுக்கோணும்னா எடுங்க, ஆனா குரங்குக்குத் தின்பண்டம் குடுக்காதீங்க. குடுத்தா அடுத்த வாரம் வர்றவன் பையை அது சோதனை போடும். சாவியத் தூக்கிட்டு மரமேறினா நீங்க பண்றதுக்கு என்ன இருக்குது, அதுகிட்டப் பணிவாக் கேக்கறதுதான்.

ஏறிட்டீங்க, ஆகாய கங்கையில குளிச்சீங்க, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டீங்க, வயிறு நெறையத் தின்னீங்க. இப்ப எறங்கோணும். ஏர்றப்பப் பயந்தவனெல்லாம் எறங்கறப்பச் சூரனாயிருவான். எந்தக் கியர்ல ஏறினீங்களோ அந்தக் கியர்லயே எறங்குங்க, எஞ்சினே புடிச்சுக்கிட்டு வரும். சும்மா சும்மா பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தாச் சூடேறும், டிரம்மாயிருந்தாக் கருகின வாசம் வரும், டிஸ்க்கா இருந்தா உள்ள இருக்கற எண்ணெய் கொதிச்சு, லிவரைப் புடிச்சா வெறுமனே வரும். வாசம் வந்ததுமே ஓரங்கட்டி நிறுத்துங்க, தண்ணியை எடுத்து ஊத்திராதீங்க, தானா ஆறட்டும்.

நியூட்ரல்ல போட்டு எறக்கினாப் பெட்ரோலு மிச்சம்னு ஒரு கணக்கு நாமக்கல் லாரிக்காரன் காலத்துலருந்தே ஓடுது. பேரன் சொல்றதைக் கேளுங்க. இப்ப வர்ற இஞ்செக்ஷன் வண்டியில பெரும்பாலும், கியர்ல போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டுட்டா அது பெட்ரோலையே நிறுத்திக்குதாம். நியூட்ரல்ல போட்டாத்தான் எஞ்சின் அணையாம இருக்கறதுக்குன்னு குடிச்சுக்கிட்டே வருமாம். ஆக, மிச்சம் பண்றேன்னு எறங்கறவன் பெட்ரோலையும் விடறான், எஞ்சின் புடிமானத்தையும் விடறான். எங்க பழைய ராஜ்தூத்துக்கு அது வேற நோக்காடு. பெட்ரோலோட ஆயிலைக் கலந்து ஊத்தற வண்டி. நெடுக எறக்கத்துல ஆக்ஸிலேட்டரை மூடியே வந்தா ஆயிலும் போகாது, பிஸ்டன் காஞ்சு புடிச்சுக்கும். நடுநடுவுல ஒரு முறுக்கு முறுக்கி அதுக்கு எண்ணெய் காட்டிட்டே எறங்குவோம்.

சாயங்காலம் நானும் மேல சந்தையில மெளகு வாங்கிட்டு எறங்கி வருவேன். பழைய எக்செல்லு, முன்னாடி மூட்டை, பின்னாடி மூட்டை, மாத்தறதுக்குக் கியரும் இல்லை, அதனால வெசையா வர மாட்டேன். பின்னாடி நின்னுக்கிட்டு ஹாரனைப் போட்டு அமுக்காதீங்க. காது கேக்காத கெழவன், பாவம்னு நெனச்சுக்கிட்டுப் பொறுமையா வாங்க. கண்ணாடியில உங்க ஏழு பேரையும் பாத்துக்கிட்டேதான் நடு ரோட்டுல வந்துட்டிருப்பேன்.